வழித்துணைக்கு ஒரு பெயர்

முன்பின் அறியாத இருவர் ஒரு வழியிலே சேர்கிறார்கள். அந்த வழி முடிவதற்குள் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாகி விடுகிறார்கள். இப்படியான கதைகளைச் சொல்லும் திரைப்படங்கள் உலகெங்கும் உண்டு. வசதிக்காக இவற்றை நாம் 'பயணப்படங்கள்' என்று அழைப்போம். அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அபர்ணா சென் நெறிப்படுத்தி 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிஸ்டர் அண்ட் மிசஸ் ஐயர்' என்பது அதன் பெயர். ஓர் இலக்கியத் தொடரிலே திரைப்படத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். படத்தின் மையத்தில் இருப்பது ஒரு சொல், ஒரு பெயர். ஆகவே இலக்கிய மாணவனுக்கும் இதிலே வேலை உண்டு என்றே கருதுகிறேன்.

வழியிலே அந்நியர் சந்திப்பது நமது இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. ஆற்றுப்படை நூல்களின் அமைப்பே அதுதான். பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனைக் கண்டு, இன்ன வழியாகச் சென்றால் இன்னாரைக் காணலாம் என்று சொல்லி அனுப்புகிறான். அவர்கள் உறவினர் அல்லர். ஒரே பாதையில் நடப்பவர்கள் என்பது ஒன்றே அவர்களுக்கிடையே உள்ள தொடர்பு.

சிலப்பதிகாரத்திலே இது இன்னும் ஆழமாகிறது. புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வருபவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. குடும்பத்தைத் துறந்தவர் ஒருவர், குடும்பம் குலைந்த இருவரோடு நடக்கிறார். உறையூரை அண்மிக்கும் இடத்தில், ஒழுக்கங்கெட்ட இருவர் எதிர்ப்பட்டு இந்த அழகிய இருவரும் யார் என்று கேட்கிறார்கள். இவர்கள் என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவர்கள் ஏளனம் செய்ய, அவர்களை நரிகளாகுமாறு சபிக்கிறார். கோவலனும் கண்ணகியும் இரங்கி வேண்டியதன் பேரில் அந்தச் சாபம் பன்னிரண்டு மாதத்துக்கென்று குறைக்கப்படுகிறது. மட்டக்களப்புக் கிராமங்களிலே வைகாசிச் சடங்கில் கண்ணகி கதை கேட்டு வளர்ந்த நமக்குக் கண்ணகியைத் தெரிந்த அளவுக்குக் கவுந்தியைத் தெரியாது. அவர் அங்கே செய்தது என்ன? இரத்த உறவில்லாத இருவருக்கு, ஆபத்தான ஓர் இடத்தில், ஓர் உறவுப் பெயரைக் கொடுத்துக் காத்தார். அகராதியின்படி அது உண்மையன்று. வழியின் நியாயப்படி அது உண்மை.

இந்தச் செயலை மனத்தில் வைத்துக்கொண்டால் பயணப்படங்களின் உள்ளமைப்பு தெளிவாகும். வீடு, தெரு, கோவில், சந்தை இவை எல்லாம் நாம் யாரோடு இருக்கலாம், யாரோடு இருக்கக்கூடாது என்பதை ஏற்கெனவே தீர்மானித்து விடுகின்றன. பஸ்ஸும் ரயிலும் அப்படியல்ல. அங்கே ஆசனத்தைத் தீர்மானிப்பது டிக்கட். பக்கத்தில் இருப்பவரை நாம் தெரிவு செய்வதில்லை. இறங்கிப் போய்விடவும் முடிவதில்லை. இத்துடன் ஒரு தடையும் சேர்ந்துவிட்டால், வெள்ளமோ ஊரடங்கோ பணப்பை களவு போவதோ எதுவானாலும் சரி, வீட்டிலே பத்து வருடத்தில் நடக்காதது வழியிலே இரண்டு நாளில் நடந்து விடும்.

ஹொலிவூட்டிலே பிராங்க் காப்ரா 1934 இல் எடுத்த 'இட் ஹப்பன்ட் வன் நைட்' இவ்வகைக்கு ஒரு முன்னோடி. பணக்கார வீட்டுப் பெண்ணும் வேலையிழந்த பத்திரிகைக்காரனும் மயாமியிலிருந்து நியூயோர்க் செல்லும் பஸ்ஸிலே சந்திக்கிறார்கள். அவளைத் தேடி வரும் துப்பறிவாளர்களை ஏமாற்றுவதற்காக இருவரும் கணவன் மனைவி போலச் சண்டை பிடித்துக் காட்டுகிறார்கள். ஹிந்தியில் ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்து 1956 இல் வந்த 'சோரி சோரி' இதன் வழியில் பிறந்தது. அந்நியர் இருவர் தம்பதிகளாக நடிப்பது அங்கே சிரிப்புக்குரியது. பிடிபட்டாலும் உயிர் போகாது. அபர்ணா சென் அதே உத்தியை எடுத்து, பிடிபட்டால் உயிர் போகும் இடத்தில் வைத்தார். அவரது படத்தின் பலம் இங்கிருந்து தொடங்குகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீனாட்சி ஐயர் ஆசாரமான தமிழ்ப் பிராமணக் குடும்பத்துப் பெண். தாய்வீட்டிலிருந்து, சந்தானம் என்னும் கைக்குழந்தையோடு, கல்கத்தாவிலுள்ள கணவனிடம் திரும்புகிறாள். குடும்ப நண்பர் ஒருவர் ராஜா சௌத்ரி என்னும் புகைப்படக்காரனை அறிமுகம் செய்து, வழியிலே இவளைப் பார்த்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறார். பஸ்ஸிலே பல தரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாட்டும் கூத்துமாக ஓர் இளைஞர் கூட்டம், சீக்கியர் இருவர், வயது முதிர்ந்த ஒரு முஸ்லிம் தம்பதி, தனியே வரும் ஒரு யூதர். வழியிலே மதக்கலவரம் மூண்டு பஸ் நின்று விடுகிறது. அப்பொழுதுதான் ராஜா தன் உண்மைப் பெயரைச் சொல்கிறான். ராஜா என்பது கூப்பிடும் பெயர். முழுப்பெயர் ஜெஹாங்கிர் சௌத்ரி.

அதைக் கேட்டதும் மீனாட்சிக்கு முதலில் எழுவது கலவரத்தைப் பற்றிய பயமல்ல. அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்து விட்டோமே என்ற அருவருப்புத்தான். தன்னைத் தொடவேண்டாம் என்கிறாள். தண்ணீர் அதே தண்ணீர்தான், கொடுத்த மனிதனும் அவனேதான். இடையில் மாறியது ஒரு பெயர் மட்டும். ஒரு பெயரால் தண்ணீரின் சுவை மாறுவதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய காட்சியை நான் அதிகம் கண்டதில்லை.

பிறகு ஆயுதங்களோடு ஒரு கும்பல் பஸ்ஸில் ஏறுகிறது. ஒவ்வொருவரிடமும் பெயரும் மதமும் கேட்கிறது. சந்தேகம் வந்தால் உடலையே பார்க்கிறது. யூதரும் விருத்தசேதனம் செய்தவர். தம்மை முஸ்லிம் என்று எடுத்துக் கொள்வார்களோ என்று நடுங்குகிறார். கும்பலின் கவனத்தைத் திருப்புவதற்காக அந்த முதிய தம்பதியைச் சுட்டிக் காட்டி விடுகிறார். அவர்கள் இழுத்துச் செல்லப்படுகிறார்கள். இளைஞர் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் எதிர்த்து எழுகிறாள். அவளுக்கு அடி விழுகிறது. ராஜாவும் எழ முயல்கிறான். அந்தக் கணத்திலேதான் மீனாட்சி தன் குழந்தையைத் தூக்கி அவன் மடியிலே வைத்துப் பிடிக்கச் சொல்கிறாள். கும்பலின் தலைவனிடம், தான் திருமதி ஐயர் என்றும் இவர் தன் கணவர் என்றும் கூறுகிறாள்.

இந்தக் காட்சியின் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். குழந்தையின் பாரம் அவனை எழ முடியாமல் ஆசனத்தில் இருத்துகிறது. அதே குழந்தை அவனை ஒரு தகப்பனாகவும் காட்டுகிறது. ஒரு செயலில் இரண்டு காரியம். ஆனால் அவள் யோசித்துச் செய்தவளாகத் தெரியவில்லை. சற்று முன்னர் தொடாதே என்றவள், தன் வீட்டிலே எதை மிக மேலாக மதிக்கிறாளோ அதையே, பிள்ளையையும் கணவனின் பெயரையும், ஓர் அந்நியனுக்குக் கொடுத்து விடுகிறாள். கவுந்தியடிகள் செய்ததுதான் இது. வேறுபாடு, கவுந்திக்குச் சபிக்கும் ஆற்றல் இருந்தது. மீனாட்சிக்கு ஒரு பெயர் மட்டுமே இருந்தது.

இந்த இடத்திலே நமது ஊர்ப்பக்கத்து வீதியை நினையாமல் இருக்க என்னால் முடியவில்லை. களுதாவளையில் பஸ் ஏறி வடக்கே மட்டக்களப்புக்குப் போனால் தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், ஆரையம்பதி, பிறகு காத்தான்குடி. தெற்கே கல்முனைக்குப் போனால் களுவாஞ்சிகுடி, ஓந்தாச்சிமடம், கல்லாறு, பெரியநீலாவணை, பிறகு மருதமுனை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒரே வீதி. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அதிலே மணி கோத்தாற்போல வருகின்றன. களுதாவளை வெற்றிலையும் மரக்கறியும் இவ்வீதியால்தான் போகின்றன. மருதமுனைக் கைத்தறிச் சாரம் இவ்வீதியால்தான் வருகிறது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இரு சமூகத்தையும் பற்றி நம் பெரியவர்கள் சொல்வது வெறும் மேடைப்பேச்சல்ல. தாய்வழிக் குடிமுறை இரு சமூகங்களுக்கும் பொதுவானது. அக்கரைப்பற்றை மையமாக வைத்து அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே எழுதி 2008 இல் வெளிவந்த நூல் இதனை விரிவாக ஆராய்கிறது.

பஸ்ஸிலே பேச்சைக் கேட்டுப் பாருங்கள். "காக்கா, கொஞ்சம் அங்கால இருங்க" என்று ஒரு தமிழ் இளைஞன் சொல்வான். "இந்தப் பையைப் பிடி மனே" என்று ஒரு கிழவி, கொண்டக்டர் எந்த ஊர், எந்த மதம் என்று பாராமல் கொடுப்பாள். அவன் அவளுக்கு மகனுமல்ல, இவன் அவனுக்குத் தம்பியுமல்ல. உறவில்லாத இடத்தில் உறவுப் பெயர் சொல்வது இந்த வீதியின் அன்றாட வழக்கம்.

அதே வீதியிலேதான் பெயர் கேட்டு ஆளைப் பிரித்தெடுத்த நாள்களும் வந்தன. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில், இவ்வழியால் வீடு திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் வாகனங்களிலிருந்து இறக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம், ஓகஸ்ட் 3 ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே ஓகஸ்ட் 12 ஆம் திகதி வீரமுனைக் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். நாட்டின் பிற இடங்களிலும் இந்தக் கதை உண்டு. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் தமிழரை உச்சரிப்பால் கண்டுபிடித்தார்கள். 1987 ஏப்ரிலில் ஹபரணை திருகோணமலை வீதியில் பஸ்களில் சென்ற சிங்களப் பயணிகள் நிறுத்திக் கொல்லப்பட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னரும், பக்கத்து ஆசனத்தில் இருப்பவரின் பெயர் மறுபடி ஒரு கேள்வியாயிற்று. யார் முதலில், யார் அதிகம் என்று கணக்குப் பார்ப்பதற்காக இவற்றை நான் வரிசைப்படுத்தவில்லை. ஓடும் பஸ்ஸை நிறுத்தி உன் பெயரென்ன என்று கேட்கும் காட்சி நமக்குத் திரைக்கதையின் கற்பனையல்ல என்பதற்காகவே சொன்னேன்.

அப்படிப் பார்க்கும்போது, படத்திலே நம்மை உறுத்தவேண்டியது மீனாட்சியின் துணிவு மட்டுமல்ல, அந்த முதிய தம்பதியும்தான். அவ்வேடங்களை ஏற்றவர்கள் பீஷ்ம் சாஹ்னியும் சுரேகா சிக்ரியும். ராவல்பிண்டியில் பிறந்த பீஷ்ம் சாஹ்னி, இந்தியப் பிரிவினைக் கலவரத்தைப் பற்றி 'தமஸ்' என்னும் புகழ்பெற்ற ஹிந்தி நாவலை 1974 இல் எழுதியவர். அந்த நாவலை கோவிந்த் நிஹலானி படமாக்கியபோது அதில் நடித்துத் தேசிய விருது பெற்றவர் சுரேகா சிக்ரி. அவர்கள் இருவரையும் இந்தப் பஸ்ஸில் அருகருகே இருத்தியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1947 இன் நினைவு ஒரு பழைய பிரயாணி போல அங்கே இருக்கிறது. அது மறுபடி இறக்கப்படுகிறது.

அவர்களுக்கு யாரும் ஒரு பெயர் கொடுக்கவில்லை. இவர்கள் எங்கள் தாய் தகப்பன் என்று பஸ்ஸிலே ஒருவர்கூடச் சொல்லவில்லை. சுட்டிக் காட்டிய யூதரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவரை இயக்கியதும் பயம். மீனாட்சியை இயக்கியதும் பயம். ஒரே பயம் ஒருவர் கையை விரல் நீட்ட வைத்தது, இன்னொருவர் கையைப் பிள்ளையைக் கொடுக்க வைத்தது. இடையிலே ஏனைய பயணிகள் எல்லோரும் பேசாதிருந்தார்கள். நான் அந்தப் பஸ்ஸிலே எந்த ஆசனத்தில் இருந்திருப்பேன் என்று ஒவ்வொருவரையும் கேட்க வைப்பதுதான் இக்காட்சியின் வெற்றி. மீனாட்சியாக இருந்திருப்பேன் என்று நாம் எல்லோரும் நினைத்துக் கொள்வோம். பஸ்ஸிலே மீனாட்சி ஒருத்திதான் இருந்தாள்.

அதன் பின்னர் வருவது மெல்லிய கதை. ஊரடங்கில் அகப்பட்ட இருவரும் ஒரு பொலிஸ் அதிகாரியின் உதவியால் காட்டுக்குள் ஒரு பழைய பங்களாவில் தங்குகிறார்கள். பாவிக்கத்தக்க அறை ஒன்றுதான். அவள் மறுக்கிறாள். அவன் வெளியிலே படுக்கிறான். காலையில் அவனைக் காணாதபோது அவளுக்கு வருவது கோபமா பயமா என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸிலே வந்த இளம் பெண்கள் இவர்களின் காதல் கதையைச் சொல்லும்படி கேட்க, இருவரும் இல்லாத தேனிலவை இட்டுக்கட்டிச் சொல்கிறார்கள். பொய்யைச் சேர்ந்து சொல்வதும் ஒரு நெருக்கம்தான். அன்றிரவு கண்ணெதிரே ஒரு கொலையைக் காண்கிறார்கள். இராணுவத்தின் துணையோடு ரயில் ஏறுகிறார்கள். கௌதம் கோஷின் ஒளிப்பதிவும் சாகீர் உசைனின் இசையும் இப்பகுதியிலே சொல்லாமல் சொல்லும் வேலையைச் செய்கின்றன.

கல்கத்தா நிலையத்தில் கணவன் காத்து நிற்கிறான். இந்த இடத்தை ஒரு சாதாரண நெறியாளர் காதலின் துயரமாக மட்டும் முடித்திருப்பார். அபர்ணா சென் வேறொன்றைச் செய்கிறார். மீனாட்சி தன் கணவனிடம் வழித்துணையை அறிமுகப்படுத்தும்போது, ராஜா என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஜெஹாங்கிர் சௌத்ரி என்றே சொல்கிறாள். முஸ்லிம் என்றும், ஊரடங்கில் ஓர் இந்துப் பெண்ணுக்கு உதவியவர் என்றும் சொல்கிறாள். அவன் பயணத்தின் படங்கள் அடங்கிய பிலிம் சுருளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். பஸ்ஸிலே அவனுடைய பெயரை மறைத்ததனால் உயிரைக் காத்தாள். நிலையத்திலே அவனுடைய பெயரைச் சொன்னதனால் அவனை மனிதனாக்கினாள். அல்லது, தானே மனுஷியானாள் என்றும் சொல்லலாம். அந்தப் பொய்க்கும் இந்த உண்மைக்கும் இடைப்பட்ட தூரமே அவள் செய்த பயணம்.

இப்படத்துக்குச் சிறந்த நெறியாள்கை, சிறந்த திரைக்கதை, சிறந்த நடிகை ஆகியவற்றுக்கான இந்தியத் தேசிய விருதுகளும், தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதும் கிடைத்தன. மீனாட்சியாக நடித்த கொங்கொணா சென் ஷர்மா நெறியாளரின் மகள். ராஜாவாக நடித்தவர் ராகுல் போஸ். படம் வெளிவந்த அதே 2002 இல்தான் குஜராத் கலவரமும் நடந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

குறைகள் இல்லை என்று சொல்லமாட்டேன். பஸ்ஸிலே இந்தியாவின் எல்லா இனத்தாரையும் ஒவ்வொருவராக ஏற்றியிருப்பது சற்றுத் திட்டமிட்டதாகவே தெரிகிறது. முக்கிய பாத்திரங்கள் ஆங்கிலம் பேசும் படித்தவர்கள். கும்பலோ முகமில்லாத நாட்டுப்புறத்தார். வெறுப்பு படியாதவர்களிடம் மட்டும் இருக்கிறது என்பது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. நமது அனுபவம் அப்படியல்ல. மேலும், மீனாட்சி காத்தது தன்னைப் போலவே பேசிய, அழகிய, இளைய ஒருவனை. அந்த முதியவருக்காக அவள் அப்படிச் செய்திருப்பாளா என்ற கேள்வியைப் படம் எழுப்பிவிட்டு, அதிலே அதிக நேரம் நிற்காமல் போய்விடுகிறது.

தமிழிலே இவ்வகைக்கு நல்ல உதாரணம் கேட்பவர்களுக்கு, 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' படத்தைச் சொல்வேன். கமல்ஹாசன் கதையும் திரைக்கதையும் எழுத, மதன் வசனம் எழுத, சுந்தர் சி. நெறிப்படுத்தியது. புவனேஸ்வர் விமான நிலையத்தில் மழையால் அகப்பட்ட இருவர் சென்னைக்கு வழி தேடுகிறார்கள். ஒருவன் விளம்பரப்பட இளைஞன், மற்றவன் விபத்தில் சிதைந்த முகமுடைய தொழிற்சங்கவாதி. இங்கேயும் பெயர்தான் விளையாடுகிறது. அன்பரசு என்ற தன் பெயரை நாகரிகத்துக்காக நறுக்கி வைத்திருக்கிறான் இளைஞன். நல்லசிவமோ முழுப்பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறான். இருவர் பெயரும் சேர்ந்ததே படத்தின் தலைப்பு. அது வெளிவந்தபோது வசூலிலே தோற்று, பின்னரே மதிக்கப்பட்டது. நமது நாட்டிலே பிரசன்ன விதானகே 2003 இல் தந்த 'இர மதியம' என்னும் சிங்களப் படத்தில், காணாமற்போன விமானப்படைக் கணவனைத் தேடும் ஒரு பெண் ஒரு பத்திரிகையாளரோடு வடக்கு நோக்கிப் போகிறாள். அதே படத்தின் இன்னொரு கிளைக்கதையில், வடக்கிலிருந்து வெளியேற்றப்படும் முஸ்லிம் சிறுவன் ஒருவன் தன் நாயைப் பிரிய முடியாமல் தவிக்கிறான். அவசியம் பார்க்கவேண்டிய படம்.

நம் எழுத்தாளர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. இந்த மட்டக்களப்பு கல்முனை வீதியில் 1990 இலும் அதன் பின்னரும் யாரோ ஒருவர் யாரோ ஒருவரை, இவர் எங்கள் ஆள் என்று சொல்லிக் காப்பாற்றிய கதைகள் வீடுகளிலே மெதுவான குரலில் சொல்லப்படுகின்றன. காத்தவர் சொல்லத் தயங்குவார். காக்கப்பட்டவர் பெயரைச் சொல்ல அஞ்சுவார். கொல்லப்பட்டவர்களின் பட்டியலை நாம் எழுதி வைத்திருக்கிறோம். அது எழுதப்படத்தான் வேண்டும். காக்கப்பட்டவர்களின் கதைகளையும் அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கதையின் முடிவிலே, அனுமதி கிடைத்தால், அந்த வழித்துணையின் உண்மைப் பெயரையும் எழுதுங்கள்.